டிசைனுக்கு ஐடியா தேட எந்த சைட்? ஒரு நல்லெண்ணெய் லேபிளை வச்சு எல்லாத்தையும் பாத்தேன்

போன மாசம் ஒரு அண்ணாச்சி வந்தார். சொந்தமா மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டிட்டிருக்கார், இதுவரைக்கும் பாட்டில்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வித்துட்டிருந்தவர், இப்ப டவுன்ல நாலஞ்சு சூப்பர் மார்க்கெட்காரங்க சரக்கு கேக்கறாங்கன்னு ஒழுங்கா லேபிள் பண்ணித் தரச் சொன்னார். என்ன மாதிரி வேணும் அண்ணாச்சின்னு கேட்டா, "தம்பி, எங்க அப்பா காலத்துக் கடை மாதிரியும் இருக்கணும், பாத்தா புதுசாவும் தெரியணும்"னார். இந்த வேலையில இருக்கறவங்க எல்லாரும் இதே பேச்சை வேற வேற வாயில கேட்டிருப்பீங்க.

அதே வாரம் எங்கிட்ட வேலை பழகிட்டிருக்கற ரெண்டு பசங்களும் கேட்டாங்க, அண்ணே ரெஃபரன்ஸ் பாக்க எந்த சைட் நல்லது, காசு கட்டி ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னா எதை வாங்கறதுன்னு. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனசு வரல. சரி, இந்த நல்லெண்ணெய் லேபிளையே எடுத்துகிட்டு ஒவ்வொரு சைட்லயும் ஒரு மணி நேரம் உக்காந்து பாப்போம், எது கைக்கு என்ன குடுக்குதுன்னு நோட்டுல எழுதுவோம்னு ஆரம்பிச்சேன். நான் மதுரைப் பக்கம், பண்றது லேபிள், பாக்கெட், கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, லோகோ, அச்சு பெரும்பாலும் சிவகாசியில. ஆப், வெப்சைட் டிசைன் பண்றவங்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், அதையும் அங்கங்க சொல்றேன்.

எல்லா சைட்டையும் நான் ஒரே ஒரு கேள்வி வச்சுத்தான் அளந்தேன். இந்தப் படத்துக்கு முகவரி இருக்கா? யார் பண்ணது, எந்த ஊர், எந்த வருஷம், யாருக்காகப் பண்ணாங்க, நிஜமா அச்சாகி கடைக்குப் போச்சா இல்ல கம்ப்யூட்டர்லயே நின்னு போச்சா, இதெல்லாம் படம் பக்கத்துலயே இருக்கா?

ஏன் இதுல இவ்ளோ பிடிவாதம்னா, சில வருஷம் முன்னாடி ஒரு சிறுதானிய பலகாரம் பண்றவங்களுக்கு லோகோ பண்ணிக் குடுத்தேன், வட்டத்துக்குள்ள ஒரு கை, கையில முளை விட்ட விதை. ஒரு படத் தொகுப்புல பாத்த படத்தைப் பக்கத்துல வச்சுகிட்டு, கோட்டையெல்லாம் மாத்தி நானே வரைஞ்சதுதான், ஆனா அமைப்பு அதேதான். மூணு மாசம் கழிச்சு அவங்க வேற ஊர் பஸ் ஸ்டாண்டுல எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்பினாங்க, வேற ஒரு கடை, அதே வட்டம், அதே கை, அதே முளை. அந்தப் படத்தையே வச்சு அது எங்கேருந்து வந்துச்சுன்னு திருப்பித் தேடிப் பாத்தா அது ஆயிரம் பேர் வாங்கியிருக்கக்கூடிய ரெடிமேட் டெம்ப்ளேட், கீழ இருந்த பேரை யாரோ வெட்டிட்டுப் போட்டிருக்காங்க, நானும் எடுத்தேன், அந்தக் கடைக்கு பண்ணவரும் எடுத்திருக்கார். பேரும் ஊரும் தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன். அவங்க அடிச்சு வச்ச பாக்கெட்டு அவ்ளோவும் வீண், லோகோவை நான் மறுபடி சும்மாவே பண்ணிக் குடுத்தேன்.

இப்ப சைட்டுக்கு வருவோம். முதல்ல எல்லாரும் போற பின்ட்ரெஸ்ட், பிடிச்ச படங்களை போர்டு போர்டா சேத்து வைக்கற சைட். 2010-ல வந்தது. நல்ல பக்கத்தை முதல்ல சொல்லிடறேன், கிளையண்ட்கிட்ட பேசறதுக்கு இதை மிஞ்சி ஒண்ணு இல்ல. அண்ணாச்சியை உக்கார வச்சு வாய் வார்த்தையா "பழைய மாதிரின்னா எப்படி"ன்னு கேட்டா அரை மணி நேரம் ஆகும், ஒரு ரகசிய போர்டு போட்டு இருபது படத்தை வச்சு இது பிடிக்குதா அது பிடிக்குதான்னு தள்ளித் தள்ளிக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அவர் "பழைய"ன்னு சொன்னது பிரவுன் கலர் சாக்கு மாதிரி பேப்பர் இல்ல, மஞ்சளும் சிவப்பும் பளிச்சுன்னு இருந்த அந்தக் கால டின் டப்பா. இது தெரியாம நான் பிரவுன் பேப்பர்ல ஆரம்பிச்சிருந்தா ஒரு வாரம் போயிருக்கும். கூடவே படத்துல ஒரு மூலையை மட்டும் குறிச்சு அதே மாதிரி வேற தேடற வசதி, அது நிஜமாவே நல்லா வேலை செய்யுது.

ஆனா ஐடியா எடுக்கறதுக்கு? அது வேலை செய்யற விதமே நீங்க எதைத் தொட்டீங்களோ அதே மாதிரி இருக்கறதை இன்னும் இன்னும் கொண்டு வந்து கொட்டறது. தென்னிந்திய பாக்கேஜிங்னு தேடி ஒரு கோலம் போட்ட படத்தைத் தொட்டா அப்புறம் கோலம், கோபுரம், வாழை இலை, மாங்காய் டிசைன், இந்த நாலும் மாறி மாறி வந்துகிட்டே இருக்கும், பத்து நிமிஷத்துல உங்களுக்கே தென்னிந்தியான்னா இந்த நாலுதான்னு தோண ஆரம்பிச்சிடும். முகவரி கேள்விக்கு மார்க் ரொம்பக் கம்மி, லிங்க் இருக்கும், ஆனா அது போய் நிக்கற இடம் அந்தப் படத்தைப் பண்ணவங்க வீடா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் எடுத்து மூணாவது ஆள் போட்டிருப்பார். இப்ப ஏஐ படம் வேற கலந்து வருது, 2025-ல அதுக்கு லேபிள் போட்டுக் குறைச்சுக் காட்டற செட்டிங் குடுத்திருக்காங்க, பாக்கேஜிங் தேடறவங்க அதை ஆன் பண்ணிக்கறது நல்லது. ஏஐ பண்ண பாட்டில்ல லேபிள் ஒட்டியிருக்கற இடமும் வளைவும் எந்த மெஷின்லயும் வராது, அதைக் காட்டி கிளையண்ட் இதே மாதிரி வேணும்னு சொல்லிட்டா அப்புறம் விளக்கறதுக்குள்ள உயிர் போயிடும்.

அடுத்தது பிஹான்ஸ், டிசைனர்கள் தங்க வேலையைப் போட்டுக் காட்டற சைட். ஃபோட்டோஷாப் பண்ற அடோபி கம்பெனி 2012-ல வாங்கினது, ஃப்ரீதான். இங்க ஒரு வேலைன்னா ஒரு படம் இல்ல, மேலேருந்து கீழ வரைக்கும் நீளமா ஒரு கதை, ஸ்கெட்ச், வேணாம்னு விட்ட வெர்ஷன், கலர், ஃபாண்ட், கடைசியா பெட்டியும் பாட்டிலும். யார் பண்ணது, எந்த ஊர், கூட யார் வேலை செஞ்சா எல்லாம் மேலயே இருக்கும். ஊர் வச்சுத் தேடலாம், கலர் வச்சுத் தேடலாம், எந்த சாஃப்ட்வேர்ல பண்ணதுன்னுகூடத் தேடலாம். பழகற பசங்களுக்கு நான் முதல்ல இதைத்தான் காட்டுவேன், ஏன்னா ஒரு வேலை எப்படி யோசிக்கப்படுதுங்கறதை ஒத்தைப் படம் சொல்லாது.

ஒரே ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும், அங்க இருக்கறதுல நிறைய இல்லாத கம்பெனிக்குப் பண்ண கற்பனை வேலை. தப்பில்ல, வேலை தேடறவங்க அப்படித்தான் காட்ட முடியும். ஆனா நீங்க அதைப் பாத்து கத்துக்கும்போது ஒரு சின்ன பரிசோதனை பண்ணுங்க. பின்பக்கம் காட்டியிருக்காங்களான்னு பாருங்க. நிஜமா கடைக்குப் போற எண்ணெய் லேபிள்னா நிகர அளவு, விலை, பேக் பண்ண தேதி, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சத்து அட்டவணை, பார்கோடு, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, இத்தனைக்கும் இடம் விடணும். முன்பக்கம் அத்தனை அழகா காத்தோட்டமா இருக்கறதுக்குக் காரணம் இதெல்லாம் இல்லாததுதான்னா, அதுலேருந்து கலரை மட்டும் கத்துக்கங்க, அமைப்பை எடுக்காதீங்க. பின்பக்கத்தையும் சேத்துக் காட்டற புராஜெக்ட் கிடைச்சா அதை உடனே சேவ் பண்ணி வைங்க, அதுதான் தங்கம்.

தமிழ் மாக்கப், அதாவது டிசைனைப் பாட்டில் மேலயோ பெட்டி மேலயோ ஒட்டின மாதிரி காட்டற படம், பாக்கும்போது இன்னொண்ணு, இது எந்த சைட்டா இருந்தாலும் சரி. எழுத்து உடைஞ்சிருக்கான்னு பாருங்க. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர்ல இந்திய மொழிகளுக்கான டெக்ஸ்ட் செட்டிங்கை ஆன் பண்ணலன்னா கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும். நல்லெண்ணெய்ங்கற ஒரு வார்த்தையில மட்டும் ரெண்டு கொம்பு, மூணு புள்ளி. தமிழ் படிக்கத் தெரியாதவங்க பண்ணதுல ரெண்டு கொம்பும் இடம் மாறி உக்காந்திருக்கும், படம் பிரமாதமா இருக்கும், வார்த்தை செத்துப் போயிருக்கும். அதை ரெஃபரன்ஸா வச்சா அந்த இடைவெளி, அந்த அகலம் எல்லாமே தப்பான வார்த்தைக்குப் போட்ட கணக்கு.

டிரிபிள் (Dribbble), ஆவார்ட்ஸ் (Awwwards), மொபின் (Mobbin), இந்த மூணையும் வேகமா சொல்லிடறேன், ஏன்னா எண்ணெய் லேபிளுக்கு இவங்க பெருசா உதவல, அது அவங்க குத்தமும் இல்ல. டிரிபிள் டிசைனர்கள் தங்க வேலையைப் போட்டுக் காட்டற சைட், கூடைப்பந்து பேர்ல ஆரம்பிச்சது, போடற படத்துக்குப் பேரே ஷாட், ஆரம்பத்துல 400-க்கு 300 பிக்ஸல்ல ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் போட முடியும். அந்தக் குணம் இன்னமும் இருக்கு, துண்டு துண்டா அழகு. ஐக்கான், சின்ன ஓவியம், ரெண்டு கலர் பக்கத்துல வச்சா எப்படி இருக்கும்னு பாக்க ரொம்ப நல்லது. முழு வேலை எப்படி நிக்குதுன்னு பாக்க அது இடம் இல்ல. ஆவார்ட்ஸ் வெப்சைட்டுக்குப் பரிசு குடுக்கற இடம், டிசைனுக்கு 40, பயன்பாட்டுக்கு 30, புதுமைக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10னு நடுவர்கள் மார்க் போடறாங்க, அந்தக் கணக்கே சொல்லிடுது கண்ணுக்கு எவ்ளோ, படிக்கறதுக்கு எவ்ளோன்னு. மொபின் வேற ரகம், நிஜமா ஓடிட்டிருக்கற ஆப்களோட ஸ்கிரீனை வரிசையா எடுத்து வச்சிருக்காங்க, லாகின்ல ஆரம்பிச்சு பணம் கட்டற வரைக்கும். முழுசாப் பாக்க காசு கட்டணும். ஆப் டிசைன்ல சம்பாதிக்கறவங்களுக்கு நான் யோசிக்காம அதைச் சொல்வேன், என் முகவரிக் கேள்விக்கு அது முழு மார்க், எந்த ஆப், எந்த இடம்னு தெளிவா இருக்கு.

ஃபான்ட்ஸ் இன் யூஸ். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், 2010-லேருந்து நடக்குது. எழுத்துரு எங்க எப்படிப் பயன்பட்டிருக்குன்னு சேத்து வைக்கற ஆவணம், புத்தக அட்டை, போஸ்டர், டின், கடை போர்டு, ரெக்கார்டு உறை எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் கீழ என்ன ஃபாண்ட், யார் டிசைன், என்ன வருஷம், எந்த ஊர், படம் எங்கேருந்து எடுத்ததுன்னு எழுதியிருப்பாங்க, ஃபாண்ட் எதுன்னு சந்தேகம்னா அதையும் கமெண்ட்ல பேசித் திருத்துவாங்க. உணவு, பானம்னு துறை வச்சுத் தேடினா பழைய டப்பாக்கள்லேருந்து இப்ப வந்த பாக்கெட் வரைக்கும் வரும், பெரிய எழுத்து எவ்ளோ இடம் எடுத்துக்குது, சின்ன எழுத்து எங்க உக்காருதுன்னு நிதானமா பாக்கலாம். நான் அண்ணாச்சி லேபிளுக்கு இங்கேருந்து எடுத்தது ஒரே ஒரு பாடம், பழைய டின்ல எல்லாம் பொருள் பேரு கம்பெனி பேரை விடப் பெருசு. இப்ப எல்லாரும் தலைகீழா பண்றோம், பிராண்ட் பேர் பெருசு, நல்லெண்ணெய்ங்கறது பொடி எழுத்து. புதுசா கடைக்கு வர்ற சரக்குக்கு பேரை யாருக்கும் தெரியாது, உள்ள என்ன இருக்குன்னுதான் முதல்ல கண்ணு தேடும். அதனால நல்லெண்ணெய்ங்கறதைப் பெருசாக்கினேன்.

குறைன்னா தமிழ் அங்க ரொம்பக் கம்மி. லத்தீன் எழுத்துக்கு, அதாவது இங்கிலீஷ் எழுதற அந்த ஏபிசி எழுத்துக்கு, கிடைக்கற பாடத்தை நம்ம எழுத்துக்கு நாமதான் மாத்திக்கணும். லத்தீன்ல ஒரு வார்த்தையை ஒடுக்கமான ஃபாண்ட்ல செங்குத்தா நிறுத்திடலாம், நம்ம ணகரத்தை அப்படி ஒடுக்கினா மூணு சுழியும் ஒட்டிகிட்டு மை அடைச்சுக்கும். நான் கடைசியில அனெக் தமிழ் ஃபாண்டை வச்சுத்தான் மாதிரிக்கு ஒரு டம்மி லேபிள் போட்டேன், ஏக் டைப்ங்கற எழுத்துரு கம்பெனி பண்ணது, கூகிள் ஃபாண்ட்ஸ்ல ஃப்ரீயா கிடைக்குது, அதுல அகலத்தைத் தனியா, எடையை, அதாவது எழுத்தோட தடிமனைத் தனியா கூட்டிக் குறைச்சுக்கலாம், வரைஞ்சவங்களே ஒடுக்கம்னா எப்படி இருக்கணும்னு யோசிச்சு வரைஞ்சதால சுழி அடைக்கல. நாமளா ஃபாண்டைப் பிடிச்சு நசுக்கறதுக்கும் அதுக்கும் வித்தியாசத்தைப் புரூஃப் எடுத்துப் பாத்தா கண்ணுலயே தெரியும். ஆரம்பிக்கற பசங்களுக்கு பிரியா ரவிச்சந்திரன் வரைஞ்ச கட்டமரான் ஃபாண்டையும் சொல்வேன், சின்ன எழுத்துல தெளிவா நிக்கும்.

பிராண்ட் நியூன்னு ஒண்ணு இருக்கு, 2006-லேருந்து பெரிய கம்பெனிங்க லோகோ மாத்தினா பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல போட்டு அலசறவங்க. இப்ப சந்தா கட்டித்தான் படிக்கணும். லோகோ மட்டுமே பண்றவங்களுக்கு அந்தப் பணம் தகும், பழசு புதுசு ரெண்டையும் ஒண்ணா பாக்கறதே பெரிய படிப்பு. என்னை மாதிரி மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு லோகோ பண்றவங்களுக்கு அவசியம் இல்ல.

ஆரீனா (Are.na) பத்தி நம்ம பக்கம் அதிகம் பேர் பேசிக் கேட்டதில்ல, இதுவும் படம் சேத்து வைக்கற சைட்தான். விளம்பரம் கிடையாது, லைக் கிடையாது, நீங்க சேக்கற ஒவ்வொண்ணும் ஒரு பிளாக், பிளாக்கை எல்லாம் ஒரு சேனல்ல போடறீங்க, அதே பிளாக்கை வேற ஒருத்தர் அவரோட சேனல்ல இணைச்சுக்கலாம். இதுல என்ன பெருசுன்னா, ஒரு படத்தைத் தொட்டா அது யார் யாரோட சேனல்ல எல்லாம் இருக்குன்னு தெரியும். பழைய எண்ணெய் டின் ஒண்ணைப் பிடிச்சுகிட்டுப் போனா ஒருத்தர் அதை மஞ்சள்ங்கற சேனல்ல வச்சிருப்பார், இன்னொருத்தர் உலோகத்துல அச்சடிக்கற முறைங்கற சேனல்ல, இன்னொருத்தர் பாட்டி சமையல்கட்டுங்கற மாதிரி ஒரு சேனல்ல. மெஷின் இதே மாதிரின்னு காட்டறதுக்கும் மனுஷங்க இதை நான் இதோட சேத்துப் பாக்கறேன்னு காட்டறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மெதுவான இடம், அவசர வேலைக்கு ஆகாது. படத்துக்கு முகவரி சேத்தவரைப் பொறுத்தது, சிலர் அழகா எழுதியிருப்பாங்க, சிலர் எதுவும் எழுதியிருக்க மாட்டாங்க. நான் என்னோட சொந்த சேகரிப்பை இப்ப இங்கதான் வைக்கறேன், ஃப்ரீயா சேக்கறதுக்கு ஒரு எல்லை உண்டு, அதுக்கு மேல காசு.

இனி நான் நிஜமா சொல்ல நினைச்ச இடத்துக்கு வர்றேன். மியூசியம் சைட்டுங்க. டிசைன் இன்ஸ்பிரேஷன்னு யார் லிஸ்ட் போட்டாலும் இதைக் கடைசியில ஒரு வரியில சொல்லிட்டுப் போறாங்க, என்னைக் கேட்டா இதைத்தான் முதல்ல வைக்கணும். ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற ரைக்ஸ் மியூசியம் 2012-லேயே ரைக்ஸ் ஸ்டூடியோன்னு திறந்து 1,25,000 படைப்பைப் பெரிய சைஸ்ல இறக்கிக்கங்கன்னு விட்டுட்டாங்க. நியூயார்க்ல மெட் மியூசியம் 2017-ல 3,75,000-க்கும் மேல படங்களை எந்த நிபந்தனையும் இல்லாம, வியாபாரத்துக்குக்கூட எடுத்துக்கலாம்னு விட்டது. லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மாதிரி சில இடங்கள்ல பாக்கறது ஃப்ரீ, வியாபாரத்துக்குப் போடணும்னா தனி அனுமதி, அதனால பக்கத்துல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு எடுங்க.

மெட்ல போய் கோரமண்டல் கோஸ்ட்னு தேடிப் பாருங்க. நம்ம சோழமண்டலக் கரைதான் அது. அந்தக் கரையிலேருந்து 17, 18-ம் நூற்றாண்டுல கப்பல் ஏறிப் போன கையால வரைஞ்ச பருத்தித் துணிங்க வரும். நான் ஒரு படுக்கை விரிப்பைத் திறந்து பெருசாக்கிகிட்டே போனேன், நடுவுல ஒரு பெரிய மரம், ஒரே மரத்துல ஊர்ல இல்லாத பத்து வகைப் பூ. இன்னும் பெருசாக்கினா கோடு தெரிய ஆரம்பிக்குது, மூங்கில் கலம் வச்சு இழுத்த கோடு, ஒரே கோடு ஆரம்பிக்கற இடத்துல தடிமனா இருந்து போகப் போக மெலிஞ்சு முடியுது. இலைக்குள்ள வெறும் கலரை ரொப்பாம ஒவ்வொரு இலைக்கும் வேற வேற நிரப்பு, ஒண்ணுல புள்ளி, ஒண்ணுல சின்னக் கோடு, ஒண்ணுல மீன் செதில். சிவப்பு சாயவேர்லேருந்து வந்தது, நீலம் அவுரியிலேருந்து, நீலம் ஏறக் கூடாத இடத்துக்கு மெழுகு பூசிட்டுத் தோய்ச்சிருக்காங்க. இந்தத் துணி மேல ஐரோப்பாவுக்கு இருந்த மோகத்துல உள்ளூர் நெசவு படுத்துடும்னு பயந்து பிரான்ஸ் 1686-ல தடையே போட்டுச்சு.

இதுக்கும் எண்ணெய் லேபிளுக்கும் என்ன சம்பந்தம்னு பசங்க கேட்டாங்க. ரெண்டு கலர். அந்த சாயவேர் சிவப்பும், சாயம் ஏறாத பருத்தியோட வெளிர் மஞ்சளும். அதுலேயே அண்ணாச்சி கேட்ட அந்தக் கால டின் டப்பாவும் வந்துடுச்சு. அப்புறம் அந்த இலை நிரப்பு. எள்ளுச் செடி வரைஞ்சு இலைக்குள்ள அதே மாதிரி புள்ளியும் கோடும் வச்சேன், ஒரே கலர்லயே மூணு நிறம் மாதிரி தெரியுது, அச்சு செலவும் ஏறல. யாராவது இது எங்கேருந்து எடுத்தேன்னு கேட்டா அந்தத் துணி இருக்கற மியூசியம், அதோட பதிவு எண், எந்தக் கரையில எந்தக் காலத்துல வரைஞ்சதுங்கறது வரைக்கும் என்னால சொல்ல முடியும். இன்னொருத்தர் அதே துணியைப் பாத்துட்டு வந்தாலும் அவர் வேற ஒண்ணை எடுப்பார், ஏன்னா அதுல அவ்ளோ இருக்கு. ரெடிமேட் டெம்ப்ளேட்ல எடுக்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்.

இன்னும் கிட்ட வந்தா நம்ம சொந்தக் களஞ்சியங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தமிழ் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 2005-லேருந்து நடக்கற நூலகம் தளம், ரெண்டுமே ஃப்ரீ. சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1994-ல ஆரம்பிச்சது, கோட்டையூர்ல ஒருத்தர் வாழ்க்கை முழுக்க சேத்து வச்ச புத்தகங்களும் நோட்டீசும் அழைப்பிதழும்தான் அதுக்கு அடித்தளம். இதையெல்லாம் டிசைன் சைட்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தேடறதும் அவ்ளோ சுகமா இருக்காது, படமா ஓடாது, ஒவ்வொரு புத்தகமா திறக்கணும். ஆனா தமிழ் எழுத்தை வச்சு வேலை செய்யறவனுக்கு இதை விட்டா வேற இடம் இல்ல. 19-ம் நூற்றாண்டுப் புத்தகத்தோட முதல் பக்கத்தைத் திறந்து பாருங்க, நடுவுல வரிசையா ஏழெட்டு வரி, ஒவ்வொரு வரியும் வேற வேற சைஸ், வருஷம் தமிழ் எண்ணுல, சுத்தி ஈயத்துல வார்த்த சின்னச் சின்னப் பூவைக் கோத்து ஒரு பார்டர். அந்தப் பார்டரைக் கிட்டப் பாத்தா மூலையில பூ சரியா சேராம ஒரு இடைவெளி இருக்கும், கையால அடுக்கினதுக்கு அதுதான் சாட்சி. என் லேபிள் பார்டர்லயும் மூலையில அந்த இடைவெளியை அப்படியே விட்டேன்.

அங்கதான் ஆலைங்கற வார்த்தைக்கு விடை கிடைச்சுது. லேபிள் மேல சின்னதா எண்ணெய் ஆலைன்னு ஒரு வரி வருது. 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி லை எழுத்துக்கு யானைத் துதிக்கை மாதிரி மேல ஒரு சுழி இருந்துச்சு. அப்பா காலத்துக் கடைன்னா அந்த லைதான். பெரும்பாலான ஃபாண்ட்ல இப்ப அது வராது, வரைஞ்சுதான் வைக்கணும். பழைய புத்தகத்துல பத்து பன்னெண்டு லையைப் பாத்தேன், துதிக்கை எங்க ஆரம்பிக்குது, எவ்ளோ மேல போகுது, அடுத்த எழுத்து மேல சாயுதா இல்லையான்னு. பெரிய எழுத்துல போட்டிருந்தா இந்தக் காலத்துப் பசங்க தடுமாறுவாங்க, சின்ன வரியில ஒரே இடத்துல போட்டா படிக்கறதுக்கும் தடை இல்ல, வயசானவங்களுக்கு ஒரு நொடி நின்னு பாக்கத் தோணும். டம்மியை அண்ணாச்சிகிட்ட நீட்டினேன், அவர் விரல் நேரா போய் நின்னது அந்த லை மேலதான், எங்க அப்பா கடை போர்டுல இப்படித்தான் இருந்துச்சுன்னார்.

சரி, எதை எடுக்கறது? பழகற பசங்களுக்கு நான் சொன்னது இதுதான். கிளையண்ட்டோட பேச பின்ட்ரெஸ்ட், அவர் மனசுல இருக்கறதை வெளிய எடுத்தவுடனே மூடிடுங்க, வரையும்போது திறந்து வைக்காதீங்க. வேலை எப்படி நடக்குதுன்னு கத்துக்க பிஹான்ஸ், வாரத்துக்கு ரெண்டு புராஜெக்டை முழுசா படிச்சா போதும், நூறைத் தள்ளிப் பாக்கறதுல ஒண்ணும் ஒட்டாது. எழுத்து அமைப்புக்கு ஃபான்ட்ஸ் இன் யூஸ். கலர், கோடு, நிரப்புக்கு மியூசியம். தமிழ் எழுத்துக்கு தமிழ் மின்னூலகமும் நூலகம் தளமும். ஆப் பக்கம் போறவன் மொபினுக்குக் காசு கட்டட்டும், லோகோ மட்டும்தான்னு முடிவு பண்ணவன் பிராண்ட் நியூவுக்கு.

என்னை மாதிரி லேபிள், பாக்கெட் பண்றவங்க காசு கட்டி ஒண்ணு வாங்கறதா இருந்தா எந்த சைட்டையும் விட, அந்தக் காசை எடுத்துகிட்டு ஒரு நாட்டு மருந்துக் கடைக்கும் ஒரு பழைய பலசரக்குக் கடைக்கும் போய் பத்து பாக்கெட் வாங்கிட்டு வாங்கன்னுதான் சொல்வேன். பெருங்காய டப்பா, ஊதுபத்தி, சீயக்காய், தீப்பெட்டி, லேகியம். கைல வச்சு மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க, ஒட்டற இடத்துக்கு எவ்ளோ விட்டிருக்காங்க, எத்தனை கலர்ல முடிச்சிருக்காங்க, சிவப்பு மேல கறுப்பு ஏத்தின இடத்துல மை எப்படி நிக்குதுன்னு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிச்சு அடிச்சுத்தான் சிவகாசி அச்சு ஊராவே ஆச்சு, அந்தக் கைப்பழக்கம் பூரா அந்தச் சின்னப் பெட்டி மேல இருக்கு, எந்த ஸ்கிரீன்லயும் தெரியாது.

எந்த சைட்லேருந்து எடுத்தாலும் ஒரு பழக்கம் மட்டும் கட்டாயம் பண்ணுங்க, படத்தை இறக்கும்போதே ஃபைல் பேர்லயே யார், எங்க, எந்த வருஷம், எந்த சைட்னு தமிழ்லயோ எப்படியோ எழுதி சேவ் பண்ணுங்க. அந்த விவரம் கிடைக்கலன்னா திருப்பித் தேடிப் பாருங்க, அப்பவும் கிடைக்கலன்னா அந்தப் படத்தை விட்டுடுங்க. எனக்கு ஒரு படத்துக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகுது, அதனால பத்துக்கு ஏழு படத்தை நான் இறக்கறதே இல்ல.

அண்ணாச்சி இப்ப அடுத்தது ஊறுகாய்னு ஆரம்பிச்சிருக்கார். முதல் எழுத்துலயே சிக்கல், ஊவுக்குள்ள இருக்கற அந்தச் சின்ன ளகரத்தைக் கொஞ்சம் பெருசா வச்சுட்டா உளன்னு படிக்கத் தோணும், சின்னதா வச்சா லேபிள் அளவுல அடைச்சுக்கும். பழைய ஆளுங்க இதை எப்படி முடிச்சிருக்காங்கன்னு பாக்க நேத்து ராத்திரிலேருந்து நூலகம் தளத்துல யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகை விளம்பரங்களைத் திறந்து வச்சிருக்கேன், இதுவரைக்கும் நாலு ஊ கிடைச்சிருக்கு.